வெள்ளைக் கம்பளி கட்டிய பாட்டில்

அத்தியாயம் 17

ஆறாம் மாதத்து வெயிலில் ஆட்டுத்தோல் அங்கி போட்டுக்கொண்டு நிற்க அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பைத்தியமும் சம்மதிக்காது. பல்மோ நின்றுகொண்டிருந்தாள். முதுகில் வழிந்த வியர்வை இடுப்புக் கச்சையில் வந்து தேங்கியது. போன குளிர்காலத்து ஆட்டு வாடை அங்கிக்குள்ளிருந்து எழும்பி மூக்கைத் துளைத்தது.

"அண்ணி, அந்த நரித்தோல் தொப்பியும் போட்டுக்கங்க. போட்டோல எடுப்பா இருக்கும்."

"மண்டை வெந்துரும் சம்டுப்."

"பத்து நிமிஷந்தான். பஸ்ஸு பாலத்தைத் தாண்டியாச்சு. கொஞ்சம் சிரிங்க அண்ணி, எழவு வீட்டு மூஞ்சி மாதிரி வெச்சிருக்கீங்க."

சம்டுப் பல்மோவின் கணவனுக்கு ஒரே தம்பி. ஊர் முகப்பில் 'திபெத்திய வாழ்க்கை அனுபவ இல்லம்' என்று மூன்று மொழிகளில் பலகை மாட்டி வைத்திருப்பவன். கையில் ஒலிபெருக்கி, தலையில் வழிய வழிய எண்ணெய், பத்தடி தள்ளி நின்றாலும் இருமல் வரவழைக்கும் செண்ட். கோடை முழுக்க அவன் வாசலில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இன்று வருவது கல்லூரிக் கூட்டம். வடக்கே ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து பதினெட்டு மாணவர்களும் ஒரு பேராசிரியரும் பெய்ஜிங்கையும் சியானையும் பார்த்துவிட்டு, பண்பாட்டுப் பரிமாற்றம் என்று மலையேறி வருகிறார்கள். அவர்களுக்கு அசல் வீடு வேண்டுமாம். அசல் வீட்டுக்கு எங்கே போவான்? அண்ணன் வீட்டு முற்றத்தைக் கேட்டான்.

போன வாரம் நடந்த சண்டை நினைவிருக்கும். பெண் பிள்ளைக்குப் பதினேழு வயதானால், புத்தாண்டின் மூன்றாம் நாள், தாய்மாமன் மேல்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவள் கூந்தலைச் சின்னச் சின்னச் சடைகளாகப் பின்னுவது இங்கே வழக்கம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அதன் பிறகுதான் அவள் பெரியவள். அதன் பிறகுதான் பெண் கேட்டு எவரும் வாசல் மிதிக்கலாம். அந்தச் சடங்கை மாணவர்களுக்கு நாடகமாக நடத்திக் காட்ட வேண்டும், அண்ணன் மகள் யும்சோவை உட்கார வைக்கலாம் என்றான் சம்டுப். பல்மோ துடைப்பத்தைத் தூக்கினாள். சரி, பக்கத்து வீட்டு லாசோ நடிக்கட்டும் என்று இறங்கி வந்தான். லாசோ இரண்டு பிள்ளை பெற்றவள். அவள் தலையைப் பத்துத் தடவை பின்னினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குத்தான் பல்மோ தலையசைத்தாள்.

அவள் மகள் யும்சோவின் பின்னாத தலைதான் இப்போதைக்கு அந்த வீட்டுக்கு வேலி. சாலை ஒப்பந்தக்காரர் ராப்டென் தன் மகன் தார்கேவுக்காக வசந்த காலத்திலேயே தரகரை அனுப்பியிருந்தார். தார்கே யாரென்று பள்ளத்தாக்குக்கே தெரியும். அவனுடைய முதல் மனைவி முன்பல் இரண்டு இல்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். "தலை பின்னாத பொண்ணுங்க, புத்தாண்டு வரட்டும், பேசலாம்" என்று பல்மோ பல்லைக் காட்டித் தரகரை அனுப்பி வைத்தாள். அதற்குள் சினிங் நகரத்துக் கல்லூரியிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்துவிடும், பெண் போய்விடுவாள் என்பது அவள் கணக்கு.

பஸ் வந்து நின்றது.

பிள்ளைகள் என்னவோ நல்ல பிள்ளைகள்தான். வெயில் பட்டுக் கழுத்தெல்லாம் சிவந்து, தலைவலியோடு, யாரைப் பார்த்தாலும் கைகூப்பிக் குனிந்தார்கள். பல்மோ ஒவ்வொருவர் கழுத்திலும் வெள்ளைப் பட்டுத்துண்டு போட்டாள். நாலாவது துண்டைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தாள். ஒரு பக்கம் குஞ்சம் இருந்தது, மறுபக்கம் கத்தரித்த விளிம்பு. சம்டுப் ஒவ்வொரு துண்டையும் குறுக்கே வெட்டி இரண்டாக்கியிருந்தான்.

"மரியாதைத் துண்டை வெட்டினியா? நீயெல்லாம் மனுசனா?"

"அவங்களுக்கு எங்க அண்ணி தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதுல்ல?"

அவன் ஒலிபெருக்கியை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

அடுத்து வெண்ணெய்த் தேநீர். ஒல்லியான மாணவன் ஒருவன் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி விழுங்கி, மீதியை ஓசைப்படாமல் சாமந்தித் தொட்டியில் கவிழ்த்தான். பல்மோ பார்த்தாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளே அதைக் குடிக்க மாட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லார் வீட்டிலும் பால் டீதான்.

"வெண்ணெய்ல டீ போடறது லாசாப் பக்கத்துக்காரங்க. நம்ம வீட்ல எதுக்குடா இந்தக் கருமம்?"

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு அண்ணி. புஸ்தகத்துல இருக்கறதைக் காட்டலைன்னா நம்மளைப் போலின்னு சொல்லிருவாங்க."

"அந்த வெண்ணெயாவது நம்ம வெண்ணெயா?"

சம்டுப் ஒரு தகர டப்பாவைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். டப்பாவின் மேல் ஒரு பசுவின் படம் இருந்தது. பசுவுக்கும் அதற்கும் அவ்வளவுதான் உறவு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பேராசிரியர் உட்கார்ந்திருந்த மேசையைப் பார்த்தாள். வழிபாட்டு அறையில் தினமும் விடிகாலையில் அவள் தண்ணீர் நிரப்பி வைக்கும் ஏழு கிண்ணங்களும் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றில் வறுத்த கடலை. பேராசிரியர் பாவம், எதுவும் தெரியாமல் கொறித்துக்கொண்டிருந்தார். தோல்களைக் கடைசிக் கிண்ணத்தில் ஒழுங்காகப் போட்டிருந்தார்.

பல்மோ கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கடலையைச் சம்டுப்பின் தொப்பியில் கொட்டினாள். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க உப்புப் பிசுக்கு போகவே இல்லை. தூ என்று துப்பினாள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று தெரிந்துதானே இடம் கொடுத்தோம் என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அங்கேதான் சம்டுப் வந்து நின்றான்.

"அண்ணி, ஒரு சின்னச் சிக்கல். லாசோ இல்ல."

"இல்லைன்னா?"

"பிள்ளைக்குப் பேதியாம். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. நான்தான் ஜீப்பு குடுத்து அனுப்பினேன்." முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான். "யும்சோ உக்காரட்டும். பத்தே பத்துச் சடை. பஸ்ஸு கெளம்பினதும் அவுத்துரலாம். அண்ணன் சரின்னுட்டாரு."

"உங்கண்ணன் எதுக்குத்தான் சரின்னு சொல்லலை?"

கணவன் தம்டின் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தான். நல்லவன், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவன். அந்தக் குணத்தால் அதிகம் நொந்தவள் அவன் மனைவி.

"வேஷந்தானே பல்மோ," என்றான் தம்டின். "அம்புட்டு தூரத்துலேர்ந்து வந்திருக்குதுங்க. மூஞ்சியைப் பாரு, பாவமா இருக்கு."

யும்சோ அதற்குள் முற்றத்துக் கம்பளத்தில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் முடிக்காரி ஒருத்தி. பெயர் இங்ரிட் என்றாள். யும்சோ பள்ளிக்கூட ஆங்கிலத்தை உடைத்து உடைத்துப் போட, அவளும் கைபேசியைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். மூன்று மாதமாகப் பரீட்சைக்குப் படித்து வெளிறிப் போயிருந்த பெண்ணின் முகத்தில் இன்றுதான் ரத்தம் ஓடியது. அதைப் பார்த்துத்தான் பல்மோ இளகினாள். இளகியது தப்பு.

"பத்துச் சடைதான். வாழ்த்துச் சொல்லக்கூடாது. தலையில வெண்ணெய் வைக்கக்கூடாது. என்னோட பவளம் பெட்டியை விட்டு வெளிய வராது. சம்மதமா?"

"சத்தியமா அண்ணி."

பின்னுவதற்கு அவன் ஓர் அம்மாளைக் கூட்டி வந்திருந்தான். ஐம்பது வயது, கழுத்தில் எலுமிச்சை அளவுக்குப் பவளம், விரலெல்லாம் மோதிரம். பட்டணத்துக் கலைக்குழு என்றான். அந்த அம்மாள் பல்மோவை மேலும் கீழும் பார்த்து, "ரொம்ப வேலை செய்யற கை," என்றாள். புகழ்ச்சியா ஏளனமா என்று பல்மோவுக்குப் புரியவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. இருபது பேருக்கு மாவு பிசைந்து, இழுத்து, கிள்ளிக் கொதிக்கும் ஆட்டுச்சாற்றில் போட வேண்டும். சம்டுப் அமர்த்துவதாகச் சொன்ன இரண்டு பெண்களும் வரவில்லை. அடுப்பு அனலும் ஆட்டுத்தோலும் சேர்ந்து அவளை வேகவைத்தன. வெளியே ஒலிபெருக்கி பாடியது, கைதட்டல் கேட்டது, பாதங்கள் தாளம் போட்டன. பாதியில் இங்ரிட் சமையலறைக்கு வந்தாள், கூடவே மொழிபெயர்க்கும் சினிங் பெண். இங்ரிட் கேட்காமலேயே கிண்ணங்களைத் துடைத்து அடுக்கினாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"இது நெஜமாவே நடக்கிற சடங்கா, எங்களுக்காகச் செய்யறதான்னு கேக்கறா," என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

பல்மோ கரண்டியைக் கீழே வைத்தாள். "பொய்யின்னு சொல்லு. சடங்கு புத்தாண்டுலதான். இது வெறும் வேஷம்."

மொழிபெயர்ப்பாளர் இங்ரிட்டைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நீளமாக, இனிமையாக ஏதோ சொன்னாள். இங்ரிட் நெஞ்சில் கைவைத்துக் கண்கலங்கினாள்.

'பொய்' என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமான மொழிபெயர்ப்பா என்று பல்மோ நினைத்தாள். நீ நல்லவள், உன்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல அவளுக்கு பாஷை இல்லை. சாறு பொங்கி வழிந்தது.

கடைசிக் கிண்ணத்தை நிரப்பிவிட்டு முற்றத்துக்கு வந்தபோது அவள் கால் நின்றுவிட்டது.

பத்துச் சடை இல்லை. தலை முழுக்கச் சடை. யும்சோவின் கூந்தல் உச்சியிலிருந்து இடுப்பு வரை சின்னச் சின்னதாகப் பிரிந்து, நுனிகள் எல்லாம் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அந்த அம்மாளும், அவள் கூட வந்த வேலைக்காரியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இரண்டு மணி நேரமாகப் பின்னியிருக்கிறார்கள். எல்லாமே வேஷம்தான் என்று யும்சோவும் இடம் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் திறந்த வெள்ளிச் சிமிழ். வெண்ணெய் மணம். அம்மாள் கடைசிச் சடையை முடிந்துகொண்டே உதட்டுக்குள் முணுமுணுத்தாள். பல்மோ கிட்டே போய்க் காதைக் கொடுத்தாள்.

"கூந்தலாட்டம் குலம் நீளணும், நெத்தியில வெச்ச வெண்ணெயாட்டம் வாழ்வு மினுங்கணும்."

அட்சரம் பிசகாத வாழ்த்து.

"நிறுத்துங்க!" என்றாள் பல்மோ. "யாரும்மா நீங்க?"

கேள்வி ஒலிபெருக்கியில் அமுங்கிவிட்டது. "இப்போது பெண்ணின் தந்தை விருந்தினரை வாழ்த்தி முதல் கிண்ணம் ஊற்றுகிறார்!" என்று சம்டுப் முழங்கினான். தம்டின் கையில் பார்லிச் சாராய பாட்டில். தம்டின் சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினான். முதல் கிண்ணத்தை நிரப்பி, மோதிர விரலால் மூன்று தடவை ஆகாயத்தில் தெளித்துவிட்டுப் பேராசிரியரிடம் நீட்டினான். இரண்டாவது கிண்ணத்தை அவனே குடித்தான். மாணவர்கள் கைதட்டினார்கள்.

சுவருக்கு அந்தப்பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் யாரும் கைதட்டவில்லை.

லாசோவின் மாமியார் மட்டும் சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். "எந்தக் குடும்பம் பல்மோ? பாட்டில் தெறக்கற வரைக்கும் பேசி முடிச்சிட்டு வாயே தெறக்கலியே நீ! எம் மருமகளைக்கூட இருக்க விடாம, நல்லா இருக்கற புள்ளைக்கு ஊசி போடணும்னு பட்டணத்துக்கு அனுப்பிட்டான் உன் கொழுந்தன்."

பல்மோ பாட்டிலைப் பார்த்தாள். கழுத்தில் வெள்ளைக் கம்பளி நூல் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டிருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைக்கும் அதன் அர்த்தம் தெரியும். அது பெண் கேட்கும் பாட்டில். மூடியைத் தொடாமல் வைத்திருந்தால் யோசிக்கிறோம் என்று பொருள். பெண்ணின் தகப்பன் ஊர் பார்க்கத் திறந்து குடித்தால் கொடுத்தோம் என்று பொருள். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற ஒரே வழிதான் உண்டு: அதே பாட்டிலை நிரப்பி, அதே கம்பளியோடு, மூன்று நாளுக்குள் தாய்மாமன் கையால் கேட்டவர் வாசலில் வைக்க வேண்டும்.

அந்த அம்மாள் எழுந்து நின்றாள். யும்சோவின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். தோளை அழுத்திப் பார்த்தாள், உள்ளங்கையைப் புரட்டினாள். சந்தையில் கன்றுக்குட்டி வாங்குபவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இடுப்பு சின்னது," என்றாள். "பரவால்ல. எங்க வீட்டுப் பால் குடிச்சா சரியாயிரும். தார்கேவுக்கு ஒல்லியா இருந்தாத்தான் பிடிக்கும்."

யும்சோ அவள் கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் ராப்டெனின் மனைவி, சந்தேகமே வேண்டாம், அவளேதான், பாவாடையைத் தூக்கிக்கொண்டு வாசல் கடந்து தன் காரில் ஏறிவிட்டாள். மாணவர்கள் அவளுக்கும் கையசைத்தார்கள். கையசைத்த கையோடு அவர்களும் பஸ்ஸில் ஏறினார்கள். மடாலய நகரத்தில் இரவு தங்கல், காலையில் ஏரிக்குப் பயணம். யும்சோ மூலையில் நின்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இங்ரிட் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டுவிட்டு, எதுவும் புரியாத முகத்தோடு கடைசியாக ஏறினாள்.

பல்மோ சம்டுப்பைக் கொல்லையில் சாண வறட்டிக் குவியலுக்குப் பின்னால் பிடித்தாள்.

"லாசோ புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீதான் அவளைக் கெளப்பிவிட்டே."

"அண்ணி, மெதுவா..."

"எம் பொண்ணு தலையில அந்தப் பொம்பளை கையை வெக்க விட்டே. எங்க வீட்டுக்காரரை ஊர் முன்னாடி அந்தப் பாட்டிலைத் தெறக்க வெச்சே. இத்தனையும் கைதட்டலோட!"

"நல்ல குடும்பம் அண்ணி. மூணு மாடி வீடு. ராப்டென் நம்ம இல்லத்துக்கு மேல ரெண்டு மாடி கட்டித் தர்றேன்னிருக்காரு. குடும்பத்துக்கே நல்லதுதானே? நீங்க வளைஞ்சு குடுக்க மாட்டீங்க, அதனால..."

"அந்த முதல் பொண்ணுக்குப் பல்லு போனது தெரியுமா உனக்கு?"

"அது அவ வாய் சரியில்ல..."

பல்மோ அடிக்கக் கையை ஓங்கினாள். அந்த எண்ணெய்த் தலையைத் தொட வேண்டுமே என்று கை தானாக நின்றுவிட்டது. கை ஓங்கிய வேகத்தில் கச்சை அவிழ்ந்து ஆட்டுத்தோல் அங்கி காலைச் சுற்றியது. அப்படியே உதறிவிட்டு முற்றத்துக்கு நடந்தாள்.

தம்டின் கம்பளத்தில் உட்கார்ந்திருந்தான். போதை இறங்கிவிட்டிருந்தது.

"கம்பளியைப் பார்த்தேன் பல்மோ. பார்க்காம இல்ல. எல்லாமே வேஷம்னானே, பெண் கேக்கற பாட்டிலும் வேஷத்துல சேர்த்தின்னு நெனைச்சேன். 'நல்லா ஜோடிச்சிருக்கடா'ன்னு அவனைப் பாராட்டக்கூடச் செஞ்சேன்." மூக்கை உறிஞ்சினான். "நான் ஒரு மடையன்."

"அதைப் பேச நேரமில்லை. பாட்டில் எங்க?"

தம்டின் பஸ் போன பாதையைப் பார்த்தான்.

"ஏங்க, பாட்டில் எங்க?"

"அந்த மஞ்சள் முடிப் பொண்ணு அழகா இருக்குன்னு கையைக் காட்டிச்சு. ரெண்டு கையாலயும் குடுத்துட்டேன். நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போச்சு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால்கூட உடைந்த ஓடாவது மிஞ்சும். இங்கே தாழியே பஸ் ஏறிப் போயிருந்தது.

பல்மோ மகள் பக்கம் திரும்பி, அந்தச் சடை நுனியைப் பிடித்தாள். அவள் விரலில் அந்தப் பொம்பளையின் வெண்ணெய் ஒட்டியது. தூக்கிவாரிப் போட்டது போல் கையை இழுத்துக்கொண்டாள். "வா, மொதல்ல இதை அவுக்கணும். தலைக்குத் தண்ணி ஊத்தணும்."

"வேணாம்."

"என்னடி வேணாம்?"

"அவுக்காதம்மா. அப்புறம் சொல்றேன். மொதல்ல பாட்டில்." யும்சோ கைபேசியை நீட்டிக் காட்டினாள். "இங்ரிட்டுக்குச் செய்தி அனுப்பியிருக்கேன். பதில் வரலை, மலைப் பாதையில சிக்னல் இருக்காது. ஒரு மணி நேரத்துல மடாலய நகரத்துக்குப் போயிரலாம். அப்பா, சாவி."

தம்டின் மோட்டார் சைக்கிள் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான். இந்தத் தடவையாவது சரியான ஆளிடம் கொடுத்தான்.

யும்சோ ஓட்ட, பல்மோ பின்னால் உட்கார்ந்தாள். கடுகு பூத்த வயல்களைத் தாண்டி, வளைந்து வளைந்து மேட்டு முனைக்கு ஏறினார்கள். அங்கே கொடிகள் கட்டிய கல்குவியல் இருந்தது. பக்கத்தில் நின்றால் கைபேசிக்கு உயிர் வரும். மேல் புல்வெளியில் மந்தையோடு இருக்கும் பல்மோவின் அண்ணன் கொன்போவும் வெயில் தாழும் இந்த நேரத்துக்குத் தினமும் ஒரு மேடேறி நிற்பான், குதிரைப் பந்தயச் செய்தி கேட்க. குதிரை என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணே, நீ உடனே எறங்கி வரணும். ஒரு பாட்டிலைத் திருப்பி வெக்கணும்."

"எந்தப் பாட்டில்?"

"ராப்டென் வீட்டுது. எம் பேச்சைக் கேக்காம, ஏமாத்தி..."

"அதை ஏம்மா திருப்பணும்?" கொன்போவின் குரல் குழம்பியது. "நீதானே சம்மதம்னு சொல்லி அனுப்பினே?"

காற்றில் கொடிகள் படபடத்தன. பல்மோ கைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

"யார் சொன்னது?"

"சம்டுப் வந்திருந்தான். நாலு நாள் ஆச்சு. 'அண்ணிக்குத் தானா கேக்கக் கூச்சமா இருக்கு, நீங்க வாக்குக் குடுத்துட்டாப் போதும்'னான். குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலியா அண்ணே?"

"இங்க எங்கம்மா சிக்னலு..."

"தினமும் மேட்டுல நின்னு பந்தயச் செய்தி கேக்கற. அதுக்குச் சிக்னல் இருக்கு."

அவனுக்குப் பக்கத்தில் ஒரு குதிரை கனைத்தது. இளங்குதிரையின் கனைப்பு. அண்ணனின் கிழட்டுக் குதிரை போன குளிர்காலத்தில் செத்துப்போனதும், அதற்காக அவன் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததும் பல்மோவுக்குத் தெரியும்.

"அது யார் குதிரை அண்ணே?"

"நல்ல குதிரை பல்மோ. நாலு காலும் வெள்ளை. மாமனுக்குச் செய்யற மரியாதைதானே, வழக்கம்தானே..."

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. காலையிலிருந்து வெட்டிய துண்டையும், கடலை போட்ட கிண்ணத்தையும், எண்ணெய்த் தலையையும் பார்த்துப் பார்த்து அருவருத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. சம்டுப் அந்நியன், கணவன் வழி வந்தவன். இவன் ஒரே தட்டில் அவளோடு சாப்பிட்டு வளர்ந்தவன். நாலு வெள்ளைக் காலுக்கு மருமகளைக் கொடுத்திருக்கிறான். அவள் குனிந்து கல்குவியலுக்கு அந்தப்பக்கம் வாந்தி எடுத்தாள்.

யும்சோ அம்மாவின் முதுகைத் தடவினாள். பிறகு கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நான் யும்சோ."

"கண்ணு, நீ சின்னப் பொண்ணு, உனக்கு இதெல்லாம்..."

"சின்னப் பொண்ணு இல்ல மாமா. தலை பின்னியாச்சு. வெண்ணெய் வெச்சு, வாழ்த்து சொல்லி, முழுசாப் பின்னியாச்சு. ஊரே பார்த்திருக்கு. நேத்து வரைக்கும் எனக்காக நீங்க பேசணும். இன்னிலேர்ந்து நான் பேசுவேன். பாட்டிலை நானே கொண்டு போய் அவங்க வாசல்ல வெக்கிறேன்."

"பொண்ணு பாட்டிலைத் திருப்பறதா? அப்படி ஒரு வழக்கமே கெடையாதுடி!"

"பஸ்ஸுல வந்தவங்களுக்குத் தலை பின்னிக் காட்டற வழக்கமும் கெடையாது மாமா. குதிரைக்குப் புல்லு போடுங்க."

கைபேசியை அணைத்து அம்மாவிடம் கொடுத்தாள். பல்மோ மகளைப் பார்த்தாள். அவுக்காதே என்று எதற்குச் சொன்னாள் என்பது இப்போது விளங்கியது.

கீழே, மடாலய நகரத்துக்குப் போகும் பாதையின் மூன்றாவது வளைவில், ஒரு வெள்ளை ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு விரைந்தது. லாசோவைக் கூட்டிப் போன ஜீப் அதற்குள் திரும்பி, கீழ்ச்சாலை வழியே இவர்களை முந்தியிருக்கிறது. சம்டுப்பின் ஒலிபெருக்கி இப்போது அதன் கூரை மேல் கட்டியிருந்தது. பாட்டில் எங்கே இருக்கிறது என்று சம்டுப்புக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள்; அவன் கைக்குப் போனால் திருப்பி வைக்க ஒன்றும் இருக்காது.

"ஏறும்மா. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

வண்டி சரிவில் இறங்கியது. காற்றில் எழுபது எண்பது சடைகளும் பறந்து வந்து பல்மோவின் முகத்தில் அடித்தன. அவள் அவற்றை வெண்ணெயோடு சேர்த்து ஒரு கையால் அள்ளி, தன் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் வேகமாப் போடி," என்றாள்.